தே தேயும்: அம்புரோசியாரும் அகுஸ்தினாரும் மாறி மாறிப் பாடினார்களா?

பனிமய_மைந்தன் | 1 ஜனவரி, காலை 8:50

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நேற்று ராத்திரி வருடக்கடைசி ஆராதனையில் எங்கள் கோயிலில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் "இறைவா, உம்மைப் புகழ்கிறோம்" என்று தொடங்கும் பழைய லத்தீன் நன்றிப் பாட்டான தே தேயும், மறுபக்கம் பலசரக்குக் கடை விளம்பரம். பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில், "புனித அம்புரோசியாரும் புனித அகுஸ்தினாரும் இயற்றியது" என்று போட்டிருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறேன், ஆறாம் வகுப்பு. இந்தக் கதையைப் போன வருஷம் நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 387-ஆம் ஆண்டு, பாஸ்கா (ஈஸ்டர்) இரவு, மிலான் நகரம். அந்த ஊர் ஆயர் அம்புரோசியார், அகுஸ்தினாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். தண்ணீரிலிருந்து எழுந்ததும் ஆயர் ஒரு வரி பாட, இவர் அடுத்த வரி பாட, அப்படியே பாட்டு முழுசும் பிறந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சார், மொத்தம் இருபத்தொன்பது வரி போட்டிருக்கு. மாறி மாறிப் பாடினா ஆரம்பிச்சவர்தானே முடிக்கணும்? ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிக்கிட்டாங்களா?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். நேற்று அந்தத் தாளைப் பார்த்ததும் கேள்வி திரும்ப வந்துவிட்டது. உண்மையில் இதை எழுதியது யார்?

---

பழைய_பூசைப்புத்தகம் | 1 ஜனவரி, காலை 10:15

தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

ஞானஸ்நானம் உண்மை. 387 பாஸ்கா இரவு, மிலான், கொடுத்தவர் அம்புரோசியார், எல்லாம் சரி. அந்த எண்கோணத் தொட்டியின் இடிபாட்டை இன்றைக்கும் மிலான் பேராலயத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்கலாம். பாட்டுக் கதைதான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் சொல்கிறேன் என்றால், அகுஸ்தினார் தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார். ஒன்பதாம் பகுதியில் அந்த ஞானஸ்நானம் வருகிறது. மிலான் கோயிலில் கேட்ட பாடல்களால் அழுதேன் என்கிறார். அந்தப் பாட்டுப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறார். அதற்கு முந்தைய வருஷம் சிறுவன் மன்னன் வாலந்தீனியனின் தாய் யுஸ்தீனா ஆயரை நெருக்கியபோது, மக்கள் கோயிலுக்குள்ளேயே இரவும் பகலும் விழித்துக் கிடந்தார்களாம். அவர்கள் சோர்ந்துவிடாமல் இருக்கத்தான் கீழைநாட்டு முறையில் பாட வைத்தார்களாம். தாய் மோனிக்கா இறந்த பிறகு தூங்கி எழுந்தபோது அம்புரோசியாரின் எந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது என்றுகூடச் சொல்கிறார். இவ்வளவு சொன்ன மனிதர், தண்ணீரில் நின்று தானே ஒரு பாட்டைப் பாதி கட்டியிருந்தால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா?

இரண்டாவது, அம்புரோசியாரின் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு. நாலு வரிக் கண்ணி, எட்டுக் கண்ணி, ஒரே சந்தம். தே தேயும் அப்படி இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், விருத்தம் எழுதுகிற ஆள் திடீரென்று வசனகவிதை எழுதிய மாதிரி.

கதையை முதலில் ஏட்டில் ஏற்றியவர் ரேம்ஸ் நகரப் பேராயர் ஹிங்க்மார், 859 வாக்கில். அவரும் "முன்னோர் சொல்லக் கேட்டோம்" என்ற அளவில்தான் சொல்கிறார். நடுவில் கிட்டத்தட்ட 470 வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை.

---

சவேரியார்_தெரு | 1 ஜனவரி, மதியம் 12:40

இதே வேலையாகப் போய்விட்டது. பெரியவர்கள் சொன்னது எதுவாக இருந்தாலும் "ஆதாரம் எங்கே" என்று கேட்பது. குருக்கள் தினமும் சொல்லும் பழைய லத்தீன் கட்டளைச் செபப் புத்தகத்திலேயே "அம்புரோசிய கீதம்" என்றுதானே தலைப்பு? ஆயிரம் வருஷமாகக் கோயிலில் சொன்னது பொய்யா? பிள்ளைகளிடம் போய் "இது கட்டுக்கதை" என்று சொன்னால் நாளைக்கு வேறு எதை நம்புவார்கள்?

---

பழைய_பூசைப்புத்தகம் | 1 ஜனவரி, மதியம் 2:05

தலைப்பு அப்படித்தான் இருந்தது. நானே அந்தப் புத்தகத்தை வைத்துச் செபித்தவன். ஆனால் தலைப்பு விசுவாசக் கோட்பாடு இல்லை ஐயா. பாட்டை எழுதியவர் யார் என்பது வரலாற்றுக் கேள்வி. அதைக் கிளறியவர்களும் வெளியாட்கள் இல்லை, துறவிகள்தான்.

1890-களில் ஜெர்மேன் மோரேன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஒரு பெயரை முன்வைத்தார்: ரெமெசியானா ஆயர் நிசெத்தாஸ். அந்த ஊர் இன்றைய செர்பியாவில் இருக்கும் பேலா பலாங்கா. அயர்லாந்துக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் பாட்டுக்கு மேலே அவர் பெயரும் அதை ஒட்டிய பெயர்களும் இருக்கின்றன. ஆளும் பொருத்தமான ஆள்தான். அகுஸ்தினார் காலத்தவர். இரவு விழிப்பைப் பற்றியும் சங்கீதம் பாடுவதன் பயனைப் பற்றியும் எழுதியவர். நோலா ஊர்க் கவிஞர் பவுலினுஸ் இவருக்கு நண்பர், இவருடைய பாட்டுத் திறமையைப் புகழ்ந்து கவிதையே எழுதியிருக்கிறார்.

அவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. இன்றைக்கு ஆய்வாளர்கள் பலரும் ஒரே கை எழுதியது என்றே நினைப்பதில்லை. 6-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இது ஏற்கெனவே துறவு மடங்களில் ஊறிப்போன பாட்டு. ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தன் மடத்து ஒழுங்கில் இதைக் குறிப்பிடுகிறார். ஆசீர்வாதப்பர் தன் ஒழுங்கின் 11-ஆம் அதிகாரத்தில், ஞாயிறு இரவுச் செபத்தில் மடாதிபதி இதைத் தொடங்க வேண்டும் என்கிறார். அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையே இல்லை. முதல் சொல்லைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வேடிக்கை. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய படிகளில் ஒன்று 7-ஆம் நூற்றாண்டு இறுதியில் அயர்லாந்தின் பாங்கர் மடத்தில் எழுதியது. (தாய்லாந்துத் தலைநகர் இல்லை, வேறு ஊர்.) அதில் தலைப்பு வெறுமனே "ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு". யார் பெயரும் இல்லை. அந்த ஏடு இத்தாலியில் போபியோ மடத்துக்குப் போய், அங்கிருந்து கடைசியில் எங்கே சேர்ந்தது தெரியுமா? மிலானில், அம்புரோசியார் பெயரிலேயே இருக்கும் நூலகத்தில்.

---

சவேரியார்_தெரு | 1 ஜனவரி, மதியம் 2:30

கடைசியில் அம்புரோசியார் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது பார்த்தீர்களா 🙂 சரி, மேலே சொல்லுங்கள்.

---

மணப்பாடு_லீமா | 1 ஜனவரி, மாலை 5:20

நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். எனக்கு எழுதியவர் பிரச்சினை இல்லை, கடைசிப் பகுதிதான் பிரச்சினை. முதலில் அப்படியே அலை எழும்புகிற மாதிரி இருக்கும். வானதூதர், கெருபீன், செராபீன், தூயவர் தூயவர் தூயவர், அப்புறம் அப்போஸ்தலர், இறைவாக்கினர், மறைசாட்சிகள். பிறகு கிறிஸ்துவைப் பற்றி. அது வரைக்கும் ராகம் இழுத்துக்கொண்டு போகிறது. அதற்கப்புறம் திடீரென்று சின்னச் சின்ன மன்றாட்டாக ஆகிவிடுகிறது. "உம் மக்களை மீட்டருளும்" என்று ஒன்று, "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்று ஒன்று. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

ஒரு வருஷம் ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் அந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து மூடியே வைத்துவிட்டார். நாங்கள் ஆறு பேர் கருவி இல்லாமல் கடைசி எட்டு வரியை இழுத்து முடித்தோம், சுருதி எங்கேயோ போய்விட்டது. சாமியார் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

---

பழைய_பூசைப்புத்தகம் | 1 ஜனவரி, இரவு 7:45

லீமாம்மா, அந்த ஆர்மோனிய அண்ணன் சரியான இடத்தில்தான் மூடியிருக்கிறார்! பழைய பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தப் பாட்டுக்கு மூன்று துண்டு. முதல் துண்டு 13-ஆம் வரி வரை: தந்தைக்குப் புகழ், நடுவில் எசாயா 6-இல் வரும் "தூயவர், தூயவர், தூயவர்", கடைசியில் தந்தை, மகன், ஆவி. அதாவது அதுவே ஒரு முழுப் பாட்டு. இரண்டாவது 14 முதல் 21 வரை, கிறிஸ்துவுக்கு. மனிதனை மீட்க வந்தபோது "கன்னியின் வயிற்றை நீர் அருவருக்கவில்லை" என்ற வரி அங்கேதான். 20-ஆம் வரியில், "உமது விலைமதிப்பற்ற இரத்தத்தால் மீட்ட உம் ஊழியருக்கு உதவியருளும்" என்னும்போது அந்தக் காலத்தில் எல்லாரும் முழங்காலில் நிற்போம்.

மூன்றாவது துண்டு பெரும்பாலும் திருப்பாடல் வரிகள். பாட்டு முடிந்ததும் செபத்தை நடத்துகிறவர் ஒரு வரி, மக்கள் ஒரு வரி என்று சொல்கிற மன்றாட்டுகள். இப்போதைய எண்ணில் திருப்பாடல் 28:9, 145:2, 123:3, 33:22, 31:1. பாட்டுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிப் பாட்டோடேயே ஒட்டிப்போயின. நம் ஊரில் செபமாலை முடிந்ததும் தனியாகச் சேர்த்த செபங்களைப் பிள்ளைகள் செபமாலையின் பகுதி என்றே நினைப்பதில்லையா, அது மாதிரி. இப்போதைய திருப்புகழ்மாலையில் (அதே தினசரிச் செபத்தின் இன்றைய புத்தகம்) இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம் என்று அனுமதியே இருக்கிறது.

ஆக, மாறி மாறிப் பாடியது என்ற கதைக்கும் ஒரு வேர் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கடைசித் துண்டு உண்மையிலேயே மாறி மாறிச் சொன்னதுதான். இது என் ஊகம், எங்கேயும் படித்ததில்லை.

---

பாளை_சாமுவேல் | 1 ஜனவரி, இரவு 9:10

கத்தோலிக்கர் இழையில் ஒரு சி.எஸ்.ஐ.காரன் (தென்னிந்தியத் திருச்சபை) நுழையலாமா? இந்தப் பாட்டு எங்களுக்கும் சொந்தம். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஜெப புத்தகத்திலேயே காலை ஆராதனையில் இது உண்டு, அந்த வழியில்தான் எங்களுக்கு வந்தது. லூத்தரும் 1529-இல் ஜெர்மனில் பாட்டாக்கினார். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் எதையெல்லாமோ விட்டார்கள், இதை மட்டும் யாரும் விடவில்லை.

என் தாத்தாவுக்கு இது மனப்பாடம். அவருக்கு அம்புரோசும் தெரியாது, அகுஸ்தினும் தெரியாது. "ஜெப புத்தகத்துல இருக்குடே" என்பார், அவ்வளவுதான்.

---

பழைய_பூசைப்புத்தகம் | 2 ஜனவரி, காலை 6:30

வாங்க சாமுவேல். தூக்கம் வரவில்லை, அதனால் எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 21-ஆம் வரி.

இன்றைக்கு லத்தீனில் கடைசிச் சொல் "நுமெராரி" (numerari). "உம் புனிதரோடு நித்திய மகிமையில் எண்ணப்படச் செய்யும்" என்று பொருள். ஆனால் பழைய கையெழுத்துப் படிகளில் அந்த இடத்தில் இருப்பது "முனெராரி" (munerari). பரிசு பெறுவது. "உம் புனிதரோடு நித்திய மகிமையைப் பரிசாகப் பெறச் செய்யும்." எண்ணப்படுவது வேறு, பரிசு பெறுவது வேறு.

எப்படி மாறியது? ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்காலக் கையெழுத்தில் எம் (m) என்றால் மூன்று குத்துக்கோடு. என் (n) என்றால் இரண்டு. யு (u) என்றாலும் இரண்டு. இணைப்பெல்லாம் முடி மாதிரி மெல்லியது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. "முனெராரி"யின் தொடக்கத்தை எழுதுங்கள்: மூன்று, இரண்டு, இரண்டு. ஏழு கோடு. "நுமெராரி": இரண்டு, இரண்டு, மூன்று. அதுவும் ஏழு கோடு! மிச்ச எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. தாளில் இரண்டும் ஒரே வேலிதான், எங்கே பிரித்துப் படிக்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

பழைய பூசையின் நற்கருணை மன்றாட்டில் "நீர் தேர்ந்துகொண்டவர்களின் மந்தையில் எண்ணப்படச் செய்யும்" என்று ஒரு வரி உண்டு. அங்கே நுமெராரிதான். அதைத் தினமும் சொல்லிப் பழகிய வாய் இங்கேயும் அப்படியே படித்திருக்கும். 15-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அச்சுப் புத்தகங்களில் நுமெராரி ஏறியது. அச்சில் ஏறினால் அவ்வளவுதான், பிறகு யார் இறக்குவது?

---

மணப்பாடு_லீமா | 2 ஜனவரி, காலை 7:05

ஐயோ, இவ்வளவு வருஷமாக எழுத்துப் பிழையையா பாடிக்கொண்டிருக்கிறோம்!

---

சவேரியார்_தெரு | 2 ஜனவரி, காலை 9:00

500 வருஷம் கோடிக்கணக்கான பேர் செபித்த பிறகு அது பிழை இல்லை, பாடம். புனிதர் கணக்கில் என் பெயரும் ஏறினால் போதும், பரிசு தனியாக வேண்டாம்.

---

யாழ்_கரையோரம் | 2 ஜனவரி, காலை 11:30

31-ஆம் திகதி தே தேயும் சொன்னால் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுக்க நீங்கிறது) உண்டு என்று எங்கட கோயிலில் சொன்னவை. நான் வீட்டில் தனியச் சொன்னனான். கணக்கில் வருமோ?

---

பழைய_பூசைப்புத்தகம் | 2 ஜனவரி, மதியம் 12:10

வருடக் கடைசி நாளில், பொதுவில் கூடிச் சொன்னால்தான் பரிபூரண பலன். அதுவும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக வேண்டுதல், பாவத்தின் மேல் எந்தப் பற்றுதலும் இல்லாத மனம், எல்லாம் சேர்ந்தால். தனியாகச் சொன்னதற்குப் பகுதி பலன் உண்டு. அடுத்த வருஷம் கோயிலுக்குப் போய்விடுங்கள்.

---

மெழுகுதிரி_77 | 2 ஜனவரி, மாலை 4:45

எல்லாரும் நெகிழ்ந்து பேசுகிறீர்கள். இந்தப் பாட்டின் இன்னொரு முகத்தை யாரும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் எந்த ராஜா எவனைக் கொன்று ஜெயித்தாலும் உடனே பேராலயத்தில் தே தேயும்தான். 1743-இல் டெட்டிங்கன் சண்டையில் இங்கிலாந்து பிரெஞ்சுக்காரர்களை ஜெயித்தது, இசையமைப்பாளர் ஹேண்டல் அதற்கென்றே ஒரு தே தேயும் போட்டார். எக்காளமும் முரசும் சேர்ந்து பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்ற வரி யாருக்குக் கேட்டிருக்கும்? சண்டை முடிந்ததும் இரண்டு ராஜாக்களும் அவரவர் பாசறையில் தே தேயும் பாட வைத்தார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கேலி செய்தது சும்மா இல்லை.

இன்னொன்று. ஷர்பாந்தியே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் போட்ட தே தேயும் ஒன்றின் தொடக்க இசை, 1950-களிலிருந்து யூரோவிஷன் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அடையாள இசை. அதைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு செபம் என்று தெரியும்?

---

பாளை_சாமுவேல் | 2 ஜனவரி, மாலை 5:30

ராஜாக்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள். பாட்டின் மேல் குற்றம் இல்லையே அண்ணாச்சி.

---

பழைய_பூசைப்புத்தகம் | 2 ஜனவரி, இரவு 8:20

மெழுகுதிரி சொன்னது நியாயம்தான். அதனால் எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்கிறேன்.

"அப்போஸ்தலர்களின் மகிமையான குழு, புகழத்தக்க இறைவாக்கினரின் தொகை, வெண்ணாடை அணிந்த மறைசாட்சிகளின் படை" என்று லீமா சொன்ன அந்த அலை எங்கிருந்து வருகிறது? வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 252 வாக்கில் எழுதியதில் இதே வரிசை, கிட்டத்தட்ட இதே சொற்கள்: அங்கே அப்போஸ்தலர்களின் மகிமையான குழு, அங்கே அக்களிக்கும் இறைவாக்கினரின் தொகை, அங்கே எண்ணற்ற மறைசாட்சிகளின் கூட்டம். எப்போது எழுதினார்? ஊரைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போகும்போது. செத்தவர்களுக்காக அழுதுகொண்டிருந்த மக்களிடம், நாம் போகிற இடத்தில் நமக்காக யார் யார் காத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று எண்ணிக் காட்டுகிறார். ராஜாக்கள் கைக்குப் போவதற்கு முந்தி அந்தச் சொற்கள் சாவு வீடுகளில் இருந்தவை.

அம்புரோசியார், அகுஸ்தினார், நிசெத்தாஸ் என்று பெயர் தேடுகிறோம். சிப்ரியானின் சொல் உள்ளே இருக்கிறது, எசாயாவின் சொல் இருக்கிறது, திருப்பாடல் இருக்கிறது, பெயர் தெரியாத எழுத்தரின் பேனாகூட உள்ளே இருக்கிறது. யார் பெயரைத்தான் போடுவது?

---

பனிமய_மைந்தன் | 5 ஜனவரி, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் இதை எடுத்தேன். கதையைக் கதையாகவே சொன்னேன்: "இப்படி ஒரு கதை உண்டு, அழகான கதை, ஆனால் அகுஸ்தினாரே அதைச் சொல்லவில்லை." யாருக்கும் விசுவாசம் போகவில்லை, சவேரியார் தெரு அண்ணன் பயப்பட வேண்டாம். இருபத்தொன்பது வரி கேட்ட பிள்ளைக்கு மிட்டாயும் கொடுத்தாயிற்று. துண்டுத்தாள் அடிக்கிற உபதேசியாரிடமும் பேசினேன். "அப்போ யார் பேரைப் போட?" என்றார். "யார் பேரும் வேண்டாம்" என்றேன். அந்த இடத்தில் இன்னொரு விளம்பரம் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்.

ஐயா சொன்ன ஏழு கோட்டைக் கரும்பலகையில் போட்டேன். மூன்று, இரண்டு, இரண்டு என்று ஒரு தடவை கட்டம் கட்டினேன். அழித்துவிட்டு இரண்டு, இரண்டு, மூன்று என்று கட்டம் கட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, ஆளாளுக்கு நோட்டில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அதே பிள்ளை கையைத் தூக்கினாள்.

"சார், கடைசிக் கட்டத்துல நாலு கோடு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். நாலுதான். கட்டத்தை அழித்துத் திரும்பப் போட்ட அவசரத்தில் நானே ஒன்று கூடப் போட்டிருக்கிறேன். அதற்குள் பாதி வகுப்பு அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டிருந்தது.